ரிலீவர் வரவில்லை

எங்கள் பிளாக்கில் யாருக்கு ஜலதோஷம் பிடித்தாலும் இப்போது முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். கஷாயம் போதுமா, எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் படித்தது பி.ஏ. வரலாறு. ஆனாலும் ஒரு மனுஷன் மூச்சுக்குத் திண்டாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எனக்கு அரை டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது. ஆளாளுக்கு வாசலில் நின்று சொல்லித் தொண்டை வறண்டு போகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். மருத்துவ சங்கதி எதுவும் தப்பாக இருந்தால் அது என் காதின் கோளாறு, டாக்டரம்மாவின் கோளாறு இல்லை.

என் வீட்டுக்காரர் பெயர் முருகேசன். தேனிப் பக்கம் பிறந்து, வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே தலை நரைத்தவர். மைன்ஸில் வெட்டிய கரியைச் சுமந்துகொண்டு போகும் பெல்ட்டுகளை ஓட்டுகிற ஆபரேட்டர். பேச்சில் மகா சிக்கனம். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் குடித்தனத்தில் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

மழை விட்டும் விடாத ஒரு கார்த்திகையில் இவர் ஷிஃப்ட் முடித்து வந்து, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். “என்ன காபி இது, வாசனையே இல்ல” என்றார். என் காபியைக் குறை சொல்கிற தைரியம் இத்தனை வருஷத்தில் இவருக்கு வந்ததே இல்லை. நான் கோபத்தில் இருந்தேன். வாசனை போனது காபிக்கு இல்லை, இவர் மூக்குக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது.

மிளகு ரசம், பாராசிட்டமால், கம்பளி என்று முதல் வாரம் போனது. எதிர்வீட்டு சரோஜா அக்கா ரெண்டு வேளையும் கஞ்சி கொடுத்தனுப்பினார். கஞ்சியோடு ஒருநாள் பழைய மாத்திரை அட்டை ஒன்றும் வந்தது. “இது ஸ்டீராய்டு வசந்தா. முன்ன எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தப்ப இதுலதான் தேவலையாச்சு. கண்ண மூடிக்கிட்டுக் குடு” என்றார். கொடுக்கத்தான் இருந்தேன். அட்டையைத் திருப்பினால் காலாவதித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. அந்தத் தேதியை அச்சடித்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பிறகு காய்ச்சல் விட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தலைக்கு வெந்நீர் ஊற்றி, இட்லி கொடுத்தேன். இவரும் மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகிறேன் என்று சட்டையை இஸ்திரி போட எடுத்தார். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நாம் எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

மறுநாள் விடியற்காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது பாதியில் கையை இறக்கிவிட்டு நின்றார். “என்னங்க?” என்றேன். “ஒண்ணுமில்ல… டிபன்பாக்ஸ… எடு” என்றார். எப்போதும் மூன்று வார்த்தைதான் பேசுகிறவர் என்பதால் அந்த மூன்றுக்கு நடுவில் ரெண்டு முறை மூச்சு வாங்கியது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. உதட்டைப் பார்த்தேன். நிறம் சரியில்லை. சரோஜா அக்கா வீட்டில் விரலில் மாட்டிப் பார்க்கிற அந்தக் கருவி பரண்மேல் கிடந்தது. பேட்டரி இல்லை. டி.வி. ரிமோட்டில் இருந்து உருவிப் போட்டோம். ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறுக்கும் கீழே காட்டியது. ரிமோட் பேட்டரி பழசு, அதனால்தான் அப்படிக் காட்டுகிறது என்று என்னையே நான் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அக்கா என் விரலில் மாட்டினார். எனக்குச் சரியாகத்தான் காட்டியது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் போனதுமே ஆக்சிஜன் வைத்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். வந்தது கொரோனா. நான் நர்ஸிடம், “அது இன்னுமா ஊரை விட்டுப் போகல?” என்று கேட்டேன். “அது எங்கம்மா போகும், நாமதான் மறந்துட்டோம்” என்றார் அவர். பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு அது நிறைமாதம். கிளம்பி வருகிறேன் என்று அழுதாள். வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்து, பாத்ரூமில் போய் நானும் அழுதேன்.

எங்களைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. சேலத்துக்காரர். நெஞ்சை ஸ்கேன் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். நல்ல நுரையீரல் கறுப்பாகத் தெரியுமாம், உள்ளே காற்று இருப்பதால். இவருக்கு ரெண்டு பக்கமும் அடியில் புகை படிந்த கண்ணாடி மாதிரி வெள்ளை மங்கல்.

“வைரஸ் இவ்ளோ தூரம் அரிச்சிருச்சா டாக்டர்?”

“அதான் இல்லம்மா. வைரஸ் இப்ப ரொம்பக் குறைஞ்சிருக்கும். இது பெரும்பாலும் அவர் உடம்பே செஞ்சுக்கறது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்கு எத்தனை நோயாளிகளோ தெரியாது. அப்படி உட்கார்ந்ததையே நான் பெரிய உபகாரமாக நினைக்கிறேன்.

வைரஸ் நுழைந்த செல் சும்மா இருக்காதாம். சின்னச்சின்னப் புரதங்களைச் சேதியாக வெளியே அனுப்புமாம். அந்தச் சேதிகளுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். அதில் இன்டர்ஃபெரான் என்ற வகை, பக்கத்துச் செல்களிடம் ‘ஆள் வந்துவிட்டான், கதவைச் சாத்து’ என்று சொல்லும். உடனே அந்தச் செல்கள் வைரஸ் பெருக விடாமல் தங்களை இறுக்கிக்கொள்ளும். இன்னும் சில, ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்குக் கூப்பிடும். அவை உள்ளே வர வேண்டுமே, அதற்காக ரத்தக்குழாயின் சுவரையும் கொஞ்சம் இளக்கிவிடும். மூளைக்கும் சேதி போகும். காய்ச்சலும் அசதியும் சாப்பாடு பிடிக்காமல் போவதும் அதனால்தான். வேலை முடிந்ததும் ‘போதும், அடங்கு’ என்று சொல்லுகிற சைட்டோகைன்களும் உண்டு. நன்றாக இருக்கிற உடம்பில் கூப்பிடுவதும் அடக்குவதும் ஒன்றுக்கொன்று கணக்காக நடந்துவிடும்.

“உங்க வீட்டுக்காரருக்குக் கூப்பிடற சேதி நிக்கவே இல்ல. ஆளு மேல ஆளா வந்துட்டே இருக்காங்க. இளகின சுவர் வழியா நீர் கசிஞ்சு நுரையீரலோட காத்துப் பையில தேங்குது. அப்புறம் ஆக்சிஜன் எப்படி ரத்தத்துக்குப் போகும்?”

“அப்ப அந்த சைக்கோ கைன் கெட்டதுதானே?”

அவர் சிரித்துவிட்டார். “சைட்டோகைன். கெட்டதுன்னு சொல்ல முடியாதும்மா. அது மட்டும் இல்லன்னா முதல் வாரத்தையே இவர் தாண்டியிருக்க மாட்டாரு. அதே சேதி, நேரத்துக்கு வந்தா காப்பாத்தும். நிக்காமப் போனா கெடுக்கும். அவ்வளவுதான்.”

அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு ஊசி. சரோஜா அக்காவின் அட்டையைப் பற்றிச் சொன்னேன். “நல்ல வேளை குடுக்கல” என்றார். வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் ஆரம்ப நாட்களில், மூச்சு நன்றாக இருக்கும்போது அதைக் கொடுத்தால் எதிர்க்க வருகிறவர்களின் கையைக் கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடுமாம். ஆக்சிஜன் தேவைப்படும்போதுதான் அது மருந்து. எங்கள் பிளாக்கில் மாத்திரை அட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கும் மகராசிகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஊசி வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை இவர் தாக்குப்பிடிக்க வேண்டும். முகத்தோடு இறுக்கமாக ஒட்டுகிற மாஸ்க் வழியாக ஆக்சிஜனை வேகமாகக் கொடுத்தார்கள். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மனுஷனுக்கு நுரையீரலின் பெரும்பங்கு முதுகுப் பக்கம்தான் இருக்கிறதாம். குப்புறப் படுத்தால் அந்தப் பகுதி விரிந்து காற்று வாங்கும். “மாஸ்க்கக் கழட்டாம, குப்புறப் படுத்து, ரெஸ்ட் எடுத்தா ஒப்பேத்திடலாம். அசந்துட்டார்னா தொண்டைக்குள்ள குழாய் போட்டு வென்டிலேட்டர்ல வைக்க வேண்டி வரும். இவர் வயசுக்கும் சுகருக்கும் அதுல இருந்து வெளிய வர்றது கஷ்டம். அங்க போகாமப் பாத்துக்கணும்” என்றார் டாக்டரம்மா. மாஸ்க், குப்புற, ரெஸ்ட். மூன்றையும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மதியம், ஷிஃப்ட் மாறுகிற நேரம். கண்ணை மூடிக் கிடந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார். காலைக் கீழே தொங்கவிட்டு எதையோ தேடினார்.

“என்னங்க பண்றீங்க? படுங்க.”

“ரிலீவர் வரல.”

“யாரு?”

“ரிலீவர்… வரல. பெல்ட் ஓடுது. எப்படிப் படுக்கறது?”

நெய்வேலிக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று இவர்கள் பாட்டுக்கு எழுந்து வந்துவிட முடியாது. அடுத்த ஷிஃப்ட் ஆள், அவர்தான் ரிலீவர், நேரில் வந்து சார்ஜ் எடுக்க வேண்டும், அதாவது பொறுப்பைத் தன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் இவர்தான் தொடர்ந்து நிற்க வேண்டும். சில பேர் ரிலீவர் கேட்டுக்குள் நுழைந்தது தெரிந்தாலே கிளம்பிவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. முகத்தைப் பார்த்து, எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். எத்தனை சாப்பாடு இதனால் ஆறிப்போயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். ஆக்சிஜன் குறைவு, மூளைவரை போகிற அந்தச் சேதிகள், தூக்கமின்மை, மருந்து எல்லாம் சேர்ந்து இடத்தையும் நேரத்தையும் குழப்பிவிடுமாம். பைத்தியம் இல்லை, சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் மாஸ்க்கை விலக்கிய ஒவ்வொரு முறையும் மெஷினில் எண் இறங்கியது. நான் அந்த எண்ணைப் பார்ப்பதா, இவர் கையைப் பிடிப்பதா?

“நான்தான் வந்திருக்கேன்ல, படுங்க” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எதுக்கு மைன்ஸுக்குள்ள வந்த? சேஃப்டி ஷூ எங்க?”

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். “சார், உங்க ட்யூட்டி முடிஞ்சுது. நீங்க போகலாம்.”

“அந்த வார்த்தையச் சொல்லாதீங்க டாக்டர்!” என்று கத்திவிட்டேன். அவர் திகைத்துப் போனார். கடைக்குப் போகிறவரைக்கூடப் ‘போய்ட்டு வாங்க’ என்றுதான் அனுப்புவோம். இவர் ஒவ்வொரு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதும் கதவைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த ‘வாங்க’ இல்லாத வெறும் போவதை, இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் காதால் கேட்க முடியவில்லை. டாக்டரம்மா புரிந்துகொண்டு என் தோளைத் தொட்டார். நான் இவர் காதருகில் குனிந்து, “வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. எல்லாம் பாத்துக்குவாங்க” என்றேன்.

“சார்ஜ் யாரு எடுக்கறது?” என்று கேட்டார்.

அப்போதுதான் தட்சணாமூர்த்தி ஞாபகம் வந்தது. காடாம்புலியூர்க்காரர். பல வருஷமாக இவருக்கு ரிலீவர் அவர்தான். ஊரில் இருந்து மோட்டார் பைக்கில் வருவார், பலா சீசனில் வண்டியில் ஒரு பழமும் சேர்ந்து வரும். போன் செய்தேன். செகண்ட் ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்தவர், சூப்பர்வைசரிடம் சொல்லி வேறு ஆளைப் போட்டுவிட்டு, வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார். காக்கி யூனிஃபார்ம், கையில் ஹெல்மெட். வார்டுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் துணைக்கு இருக்கலாம். டாக்டரம்மா கொஞ்ச நேரத்துக்கு அனுமதித்து, அவருக்கும் மாஸ்க் கொடுத்தார். “இந்த நோய் ஒட்டிக்கும், தெரியும்ல?” என்றார். “ஒட்டினா ஒட்டிக்கினு போவுது, அண்ணன் வந்து என்னை ரிலீவ் பண்ணட்டும்” என்றார் தட்சணா.

கட்டிலின் முன்னால் வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, வந்துட்டேன்.”

இவர் நிமிர்ந்து பார்த்தார். “லேட்டு.”

“லேட்டுதாண்ணே. குள்ளஞ்சாவடில வண்டி நின்னுக்கினு உயிர வாங்கிடுச்சு. என்னா ஓடுது, சொல்லுங்க.”

காடாம்புலியூரில் இருந்து வருகிறவர் வேறு ரோட்டில் இருக்கிற குள்ளஞ்சாவடியில் எதற்கு நிற்கிறார்? பொய்க்கும் ஒரு வழி வேண்டாமா? நல்லவேளை, இவருக்கு அதெல்லாம் யோசிக்கிற நிலைமை இல்லை. மாஸ்க்குக்குள் இருந்து ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “நாலாம் பெல்ட்… ஓடுது. அஞ்சு… நிக்குது. வளைவுல… ஒரு ரோலர்… சத்தம். பாத்துக்க.”

“நாலு ஓடுது, அஞ்சு நிக்குது, வளைவுல ரோலர் சத்தம். சரிண்ணே. சார்ஜ் எடுத்துக்கினேன். நீங்க வூட்டுக்குப் போய்ட்டு வாங்க.”

இவர் தலையை ஆட்டினார். நாங்கள் பிடித்துத் திருப்ப, மறுபேச்சில்லாமல் குப்புறப் படுத்தார். தலையணையில் கன்னத்தை வைத்ததும் தூங்கிவிட்டார். மெஷினில் எண் மெதுவாக ஏறியது. நான் தட்சணாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ரொம்ப உபகாரம் தம்பி. நீங்க கிளம்புங்க, நான் இருக்கேன்.”

“எப்டி அண்ணி கிளம்புறது? சார்ஜ் எடுத்துக்கினேனே.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. “அண்ணன் முழிச்சிப் பாத்து நான் இல்லன்னா மறுபடி எழுந்து குந்திக்கும். நீங்க போய் ஒரு வாய் சாப்ட்டு வாங்க” என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சரோஜா அக்கா கொடுத்தனுப்பிய தயிர்சாதம். அழுதுகொண்டே சாப்பிட்டதில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

சாப்பிட்டு வந்ததும் தட்சணா எழுந்து நின்றார். “அண்ணி, சார்ஜ் எடுத்துக்கிறீங்களா?”

“எடுத்துக்கிட்டேன்.”

“மூச்சு சீரா ஓடுது. மாஸ்க்கு எடது பக்கம் லேசா நழுவுது. அத்த மட்டும் பாத்துக்குங்க.”

அதன் பிறகு அந்த வாரம் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் மாற்றி மாற்றி அப்படித்தான் இருந்தோம். அவர் தன் ஷிஃப்டைப் பார்த்துவிட்டு வருவார், முறையாகச் சார்ஜ் எடுப்பார், கொடுப்பார். ஒருமுறைகூட அந்த வார்த்தைகள் இல்லாமல் எழுந்ததில்லை. இவர் இடையிடையே விழித்து, ஸ்டூலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். மாஸ்க்கில் கை வைக்கவில்லை.

ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்றை அடிக்கடி பார்த்தார்கள். அந்தக் கூப்பிடுகிற சேதியில் ஒன்றைக் கேட்டு ஈரல் உண்டாக்குகிற பொருளாம் அது. அது குறைந்தால் உள்ளே கூச்சல் குறைகிறது என்று அர்த்தம். குறையாவிட்டால் அந்தச் சேதியையே மறிக்கிற ஊசி ஒன்று உண்டு, அதையும் யோசித்து வைத்திருந்தார் டாக்டரம்மா. குறைந்தது. ஸ்டீராய்டில் சுகர் எகிறி, இன்சுலின் போட்டார்கள். சுகர்தானே, அதோடு சண்டை போட எனக்குப் பழக்கம் உண்டு.

“இவருக்குள்ள சண்டைக்கு வந்தவங்களுக்கும் ரிலீவர் வரல போல, டாக்டர். அதான் போகாம நின்னுட்டாங்க” என்றேன் ஒருநாள்.

டாக்டரம்மா யோசித்தார். “முழுசா அப்படி இல்லம்மா. ஆனா அடக்குற சேதி சரியான நேரத்துக்கு வரணும், அதச் சொல்றீங்கன்னா சரிதான்.” பிறகு, “இதை நான் எடுத்துக்கலாமா? அடுத்தவங்களுக்குச் சொல்ல” என்று கேட்டார். தாராளமாக என்றேன். அரை டாக்டர் பட்டம் அப்போதே கிடைத்ததுதான்.

இறுக்கமான மாஸ்க் போய், மூக்கில் மாட்டுகிற சின்னக் குழாய் வந்தது. ஒரு காலை, தட்சணா சார்ஜ் கொடுத்துவிட்டுப் போனபின், நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பழக்கமாகிவிட்டது. ஒரு மூச்சு முடிந்து அடுத்தது வரும்வரை என் மூச்சையும் பிடித்து வைத்திருப்பேன். நிமிர்ந்தால் இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்த கண். என் பழைய மனுஷன்.

“என்ன இது, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. தூங்கலையா?” என்றார். நடுவில் மூச்சு வாங்காமல் ஒரே வாக்கியமாக.

“எப்படித் தூங்கறது? உங்கள யாரு பாக்கறது?”

ஊசி குத்திக் கன்றிப்போன கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினார்.

“என் மூச்ச நானே விட்டுக்கறேன் வசந்தா. சார்ஜ் குடுத்துட்டுப் போய்ப் படு.”

கொடுத்தேன். எல்லாம் சரியாக ஓடுகிறது, சத்தம் ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். இவர் மூச்சுச் சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லை என்று நினைத்தபோதே தூங்கிவிட்டேன்.